தெரியாமல் போகும் கொத்து

ஜனவரி மாதத்தின் ஒரு காலையில், நான்கு மணி நேரமாக மீனின் ஒரு கொத்துகூட இல்லாத எரிச்சலோடு தூண்டில் நரம்பைச் சுற்றி, ஜிக் என்னும் போலித் தூண்டிலை மேலே எடுத்து, வேறு நிறத்தில் ஒன்றைக் கட்டலாம் என்று அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முள்ளின் கழுத்துவரை ஏற்றி இறுக்கியிருந்த ரப்பர் இரை ஒரு விரற்கடை அளவு கீழே இறங்கி, முள்ளின் வளைவில் மடிந்து கிடந்தது. நண்டுக்கு இருப்பதுபோன்ற அதன் இரண்டு கொடுக்குகளில் ஒன்றின் மேல், உப்புத்தாளால் தேய்த்ததுபோல் சின்னஞ்சிறு கீறல்கள் நெருக்கமாக இருந்தன. பாஸ் என்னும் நன்னீர் வேட்டைமீனின் தாடையைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கியவர்களுக்கு அந்தக் கீறல் எதனுடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பற்கள் அரத்தைப் போன்றவை. கல்லில் உரசியிருந்தால் இரை கிழிந்திருக்கும், இப்படிக் கீழ்நோக்கி உருவப்பட்டிருக்காது. ஏதோ ஒரு மீன் அதை வாயில் வாங்கி, அழுத்திப் பார்த்து, வேண்டாம் என்று துப்பியிருக்கிறது. அந்த நேரம் முழுவதும் நான் தூண்டில் கோலைக் கையில் பிடித்தபடி நீரையே பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

வட அமெரிக்க ஏரிகளில் பாஸ் பிடிப்பவர்களில் பலர் இலையுதிர்காலம் முடிந்ததும் படகை உறைபோட்டு மூடிவிடுகிறார்கள். தண்ணீர் குளிர்ந்தால் மீன் வாய் திறக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காலைக்குப் பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. மீன் கடிக்கிறது, கடித்தது நமக்குத் தெரிவதில்லை. அதற்கு முன் வெறுங்கையோடு திரும்பிய நாட்களில் எத்தனை மீன்கள் இப்படி வாங்கித் துப்பியிருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். எனவே குளிர்காலத்து ஜிக் பற்றி நான் எழுதுவதெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்: அந்தக் கொத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஜிக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உலோகத் தலையோடு சேர்த்து வார்த்த ஒற்றை முள், தலைக்குக் கீழே சிலிகான் இழைகளால் ஆன ஒரு குஞ்சம், முள்ளின் நுனி கல்லிலும் கட்டையிலும் மாட்டாமல் காக்கும் ஒரு நார்க்கற்றை, பின்னால் கோக்கும் ரப்பர் இரை, இவ்வளவுதான் ஜிக். அந்தக் குஞ்சத்தை ஆங்கிலத்தில் பாவாடை என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். எனக்கென்னவோ குஞ்சம் என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஃபினெஸ் ஜிக் என்பது இதன் ஒடுங்கிய வடிவம். கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம், அதன் பொதுவான எடை. கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். முள் மெல்லிய கம்பியால் ஆனது, நார்க்கற்றையும் மெலிந்தது. ஆனால் இதன் உயிர்நாடி குஞ்சத்தை வெட்டியிருக்கும் விதத்தில்தான் இருக்கிறது. முன்பக்க இழைகளைக் கழுத்தை ஒட்டிக் கட்டையாக வெட்டிவிடுவதால், அவை படிந்து தொங்காமல் பூனை மீசைபோல் சுற்றிலும் விறைத்து நிற்கின்றன. ஜிக் தரையில் அசையாமல் கிடக்கும்போதும் ஏரியின் கண்ணுக்குத் தெரியாத நீரோட்டத்தில் அந்தக் குட்டை இழைகள் மட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும். வாளித் தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால், நாம் ஒன்றுமே செய்யாமலிருக்கும்போது அது என்ன செய்கிறது என்பது புரியும். மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்களின் ஒசார்க் மலைப்பகுதியில் உள்ள தெளிந்த நீர்த்தேக்கங்களில் இந்த வகை பெயர் பெற்றதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். கண்ணாடிபோன்ற நீரில், தூரத்திலிருந்தே எதையும் சந்தேகத்தோடு பார்க்கும் மீனுக்குப் பெரிய ஜிக்கின் ஆர்ப்பாட்டம் ஒத்துவருவதில்லை.

குளிர்காலக் கொத்து ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதற்கு மீனின் உடலில்தான் விடை இருக்கிறது. பாஸ் தன் இரையைப் பாய்ந்து கவ்விப் பிடிப்பதாகவே நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் உறிஞ்சுகிறது. வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே கணத்தில் விரிக்கும்போது வாய்க்குள் அழுத்தம் குறைந்து, சுற்றியிருக்கும் நீர் இரையையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. இந்தச் செயல் முழுவதும் தசையின் வேகத்தை நம்பியிருக்கிறது. பாஸின் உடல் வெப்பம் நீரின் வெப்பமே ஆகையால், 25 பாகை செல்சியஸில் சவுக்கு அடிப்பதுபோல் நடப்பது 7 பாகையில் சோம்பல் முறிப்பதுபோல் நடக்கிறது. கோடையில் கோல் நுனிவரை வந்து கையில் 'டொக்' என்று தட்டும் அந்த அதிர்வு குளிர்காலத்தில் பிறப்பதே இல்லை. மேலும் கோடையில் இரையை வாங்கிய மீன் திரும்பி ஓடும். அந்த ஓட்டம் நரம்பை இழுத்து நமக்குச் சேதி சொல்லும். குளிரில் அது நின்ற இடத்திலேயே வாங்கி, நின்ற இடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும். பிடிக்கவில்லை என்றால் அதே நீரை வெளியே தள்ளி இரையைத் துப்பும். நரம்பு ஒரு அங்குலம்கூட நகராமலேயே எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

செரிமானமும் அதே கதைதான். கோடையில் விரைவில் கரைந்துபோகும் இரை குளிர்நீரில் நாள்கணக்கில் வயிற்றில் கிடக்கும். ஆகவே மீன் சாப்பிடுவதை நிறுத்துவதில்லை, துரத்துவதை நிறுத்திக்கொள்கிறது. மூக்குக்கு முன்னால், சிறிய அளவில், தப்பி ஓடும் அவசரம் இல்லாமல் ஒன்று கிடந்தால் மறுப்பதில்லை. 'மெதுவாகப் பிடி' என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை இதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் அந்த அறிவுரையில் பாதிதான் இருக்கிறது. மீன் இல்லாத இடத்தில் எவ்வளவு மெதுவாக இழுத்தாலும், பகல் முழுவதையும் மிக மெதுவாக வீணாக்குகிறோம் என்பதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

இடத்தைப் பற்றி ஒரு தவறான விளக்கம் பரவலாக இருக்கிறது. குளிர்காலத்தில் ஆழத்தில் வெப்பம் அதிகம், எனவே மீன் ஆழத்துக்குப் போகிறது என்பார்கள். நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். எனவே மேற்பரப்பு உறைந்த ஏரியில், பனிக்கட்டியை ஒட்டிய நீர் உறைநிலையிலும் அடித்தள நீர் 4 பாகையை ஒட்டியும் இருக்கும். அங்கே அந்த விளக்கம் சரி. ஆனால் உறையாத நீர்த்தேக்கத்தில், மேல்நீரும் அடிநீரும் கலக்கும் இலையுதிர்காலத்து நீர்ப்புரட்டல் முடிந்த பிறகு, மேலிருந்து கீழ்வரை வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றுதான். நான் வெப்பமானியை நரம்பில் கட்டி இறக்கிப் பார்த்திருக்கிறேன். 2 மீட்டரிலும் 9 மீட்டரிலும் அரைப் பாகை வித்தியாசம்கூடத் தெரியவில்லை. பின் ஏன் ஆழம்? மேல்நீர் ஒரே இரவில் குளிர்ந்து மறுநாள் வெயிலில் சூடாகும். அடிநீர் அப்படி ஆடுவதில்லை. இரைமீன்களும் அங்கேதான் இறங்கி நிற்கின்றன. மீன் அங்கே வெப்பத்தைத் தேடிப் போகவில்லை, நிதானத்தைத் தேடிப் போகிறது என்று சொன்னால் சரியாக இருக்கும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடித்த பிற்பகலில், வடகரையில் தெற்கு வெயிலை நேராக வாங்கும் பாறைச் சரிவின் 2 மீட்டர் ஆழத்தில் பாஸ் நிற்பதைக் கண்டு ஆச்சரியப்பட மாட்டோம்.

அதனால்தான் செங்குத்தான சரிவுகளை நான் விரும்புகிறேன். பழைய ஆற்றுப்படுகை கரையை ஒட்டி வளைந்து வரும் இடம், பெரிய கற்கள் முடிந்து சரளை தொடங்கும் எல்லை, பாறைச்சுவர் தாழ்ந்து மண்கரையாக மாறும் முனை போன்ற இடங்களில், மீன் நெடுந்தூரம் நீந்தாமல், சில மீட்டர் ஏறி இறங்கியே தன் ஆழத்தை மாற்றிக்கொள்ள முடியும். கற்களின் இடுக்கில் கிரேஃபிஷ் ஒடுங்கிக் கிடக்கும். இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில் நிற்கும் உருவம் கொண்ட அந்த உயிரைத்தான் பழுப்பு நிற ஃபினெஸ் ஜிக் போலி செய்கிறது. ஒலியலையால் நீரடியைக் காட்டும் சோனார் திரையில் மீன் தெரிகிறதா என்று சிலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். கற்களோடு ஒட்டிக் கிடக்கும் பாஸ் திரையில் தெரியாமலே போகலாம் என்பதால், நான் திரையைத் தரையின் சரிவையும் இரைமீன் கூட்டத்தையும் பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறேன்.

இனி நரம்பு. என் கணக்கில் தெரியாமல் போகும் கொத்துகளில் பெரும்பாதிக்கு நரம்பும் காற்றும்தான் பொறுப்பு. 7 கிராம் ஜிக் 8 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, பக்கவாட்டில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீருக்கு மேலே இருக்கும் நரம்பைக் காற்று வில்போல் வளைக்கிறது. படகும் நகர்வதால் நீருக்குள் இருக்கும் நரம்பும் வளைகிறது. இந்த இரண்டு வளைவுகளையும் தாண்டித்தான் மீனின் சேதி கைக்கு வர வேண்டும். மிதக்கும் பின்னல் நரம்பில் இது இன்னும் மோசம். ஃபுளோரோகார்பன் நரம்பு நீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தியானது. தானே மூழ்கி, ஜிக்குக்கும் கோல் நுனிக்கும் இடையே ஓரளவு நேர்கோட்டில் படுத்துக்கொள்ளும். சாதாரண நைலானும் மூழ்கக்கூடியதே, ஆனால் மிகத் தயங்கித் தயங்கி மூழ்கும். எனவே 8 அல்லது 10 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளோரோகார்பனைத்தான் நான் கட்டுகிறேன். ஒரு எச்சரிக்கை: இந்த நரம்பில் முடிச்சை இறுக்கும்போது எச்சிலாலோ நீராலோ நனைக்காவிட்டால், உராய்வுச் சூட்டில் அது பலவீனமாகிவிடும். விரல் மரத்துப்போன ஒரு நாளில் அவசரமாகக் கட்டிய உலர்ந்த முடிச்சு ஒன்று, அந்தக் குளிர்காலத்திலேயே எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெரிய மீனோடு போய்விட்டது. நுனி சுருண்டு திரும்பி வந்த நரம்பைப் பார்த்து யாரைக் குறை சொல்வது?

எடையைப் பற்றியும் என் கருத்து பலரோடு ஒத்துப்போகாது. குளிர்காலம் என்றால் இலேசான ஜிக், அது மெதுவாக விழும், மீனுக்குப் பிடிக்கும் என்பார்கள். காற்றில்லாத நாளில், 4 மீட்டர் ஆழத்தில் அது உண்மை. ஆனால் காற்று எழுந்ததும் தரையை உணர முடியாத ஜிக் எவ்வளவு அழகாக விழுந்தாலும் எனக்கு அதனால் பயனில்லை. அன்று காலை நான் கட்டியிருந்தது 5 கிராம் ஜிக், அலை சலசலத்துக்கொண்டிருந்தது. எட்டில் மூன்று அவுன்ஸ், அதாவது 10 கிராமுக்குச் சற்று அதிகமான ஒன்றைக் கட்டியிருந்தால் அந்த மீனின் பாரம் கைக்கு வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். இப்போது என் விதி எளிது: தரை கல்லா மண்ணா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியவில்லை என்றால் அடுத்த எடைக்கு மாறுகிறேன்.

தரையைச் சொல்வது நினைக்கும் அளவுக்குக் கடினமில்லை. சரளையில் ஜிக் நகரும்போது சின்னச் சின்னத் துடிப்புகள் ஓயாமல் வரும், அரிசியைச் சல்லடையில் ஆட்டுவதுபோல. பெரிய கல்லில் முதலில் ஓர் அழுத்தம், பிறகு திடீர் விடுதலை, பிறகு அடுத்த கல்லில் ஒரு தட்டல். களிமண்ணில் ஒன்றுமே இருக்காது, ஈரமான சமுக்காளத்தை இழுப்பதுபோல் ஒரு சீரான கனம் மட்டுமே இருக்கும். கட்டையில் அழுத்தம் கூடிக்கூடி வரும், வெடுக்கென்று விடாது. வீசியதும் நரம்பைத் தளர்த்தி, ஜிக் தரையைத் தொடும்வரை விநாடிகளை எண்ணுகிறேன். அடுத்த வீச்சில் பன்னிரண்டு எண்ண வேண்டிய இடத்தில் ஒன்பதிலேயே நரம்பு தளர்ந்தால், அங்கே ஒரு மேடு இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவழியில் யாரோ வாங்கியிருக்க வேண்டும்.

தரையைத் தொட்ட பிறகு பத்து, பதினைந்து விநாடி ஒன்றும் செய்வதில்லை. பிறகு கோலைத் தூக்காமல், பக்கவாட்டில் ஒரு சாண் அளவு மட்டும் நகர்த்தி, ஜிக்கைத் தரையோடு ஊரவிடுகிறேன். கல்லில் தடுக்கினால் இன்னும் நல்லது. அதைத் தாண்டவிடாமல் அங்கேயே வைத்து நரம்பை மட்டும் இறுக்கித் தளர்த்துகிறேன், குஞ்சம் அதே இடத்தில் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும். துள்ளவைக்கும் பழக்கத்தைக் கோடைக்கு விட்டுவிடலாம். குளிரில் துள்ளிய ஜிக்கை மீன் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும்.

கடைசியில் அந்தக் கொத்து. அது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, அது எப்படி இருக்காது என்று சொல்வதே எளிது. தட்டாது, இழுக்காது, வெடுக்கென்று எதுவும் செய்யாது. அடுத்த சாணுக்கு நகர்த்தப்போகும்போது, இருக்க வேண்டியதைவிடப் பாரம் கொஞ்சம் கூடியிருக்கும். நனைந்த துணி ஒன்று ஜிக்கின் மேல் விழுந்துவிட்டதுபோல, அல்லது கனத்த ரப்பர் பட்டையை இழுப்பதுபோல. சில வேளைகளில் நேர்மாறாக, இருந்த பாரமும் காணாமல் போகும். மீன் ஜிக்கை வாங்கிக்கொண்டு நம் பக்கமாக ஒரு முழம் நீந்தியிருக்கும். மூன்றாவது வகை கண்ணுக்கு மட்டுமே தெரியும்: நரம்பு நீரைத் தொடும் இடம் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல விலகும். கட்டையில் மாட்டிய பாரத்துக்கும் மீனின் பாரத்துக்கும் வேறுபாடு தெரிய, நான் நரம்பை மிக மெதுவாக இறுக்கிப் பார்ப்பேன். கட்டை அப்படியே நிற்கும், மீன் இணங்கிக் கொடுக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால், முள் வாயில் ஏறும்படி கோலை வெட்டி இழுத்துவிடுவதே என் வழக்கம், கல்லை வெட்டி இழுத்ததால் யாருக்கும் நட்டமில்லை. முள் மெல்லியது ஆகையால் தோளுக்கு மேல் ஓங்கி வெட்ட வேண்டியதில்லை. ரீலைச் சுற்றிக்கொண்டே கோலை நீளமாகப் பக்கவாட்டில் வாரினால் போதும்.

நிறத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தெளிந்த நீருக்குப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், கலங்கிய நீருக்குக் கருநீலம். இதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. ரப்பர் இரையில் மட்டும் கவனமாக இருக்கிறேன். கோடையில் பயன்படும், கொடுக்குகள் படபடவென்று அடிக்கும் வகை வேண்டாம். தடித்த, அசைவு குறைந்த, சின்னத் துண்டு போதும்.

குளிர் நம் கையிலும் விளையாடுகிறது. மேற்சொன்னதெல்லாம் விரல் நுனியின் உணர்ச்சியை நம்பியிருக்கிறது. விரல் மரத்தால் மீன் கடித்தாலும் ஒன்றுதான், கடிக்காவிட்டாலும் ஒன்றுதான். கையுறையில் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வெட்டிவிட்டு, நரம்பை அந்த ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிடுகிறேன். உறைநிலைக்குக் கீழே கோலின் வளையங்களில் பனிக்கட்டி படியும். கோல் நுனியை நீருக்குள் ஒரு கணம் அமிழ்த்தினால் அது கரைந்துவிடும், நீர் காற்றைவிடச் சூடானது அல்லவா. மிதவைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. குளிர்நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க ஏறத்தாழ 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது மீட்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் கணக்கு. இதில் முதல் நிமிடத்திலும் அடுத்த பத்திலும்தான் மிதவை இல்லாதவர்கள் மூழ்குகிறார்கள். தனியாகப் போகும் நாளில் நான், தவறி விழுந்தால் படகின் எந்திரத்தை நிறுத்தும் கயிற்றையும் இடுப்பில் மாட்டிக்கொள்கிறேன்.

ஆழத்திலிருந்து வரும் மீனுக்கும் ஓர் ஆபத்து உண்டு. பாஸின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் கிடையாது. உள்ளே இருக்கும் வாயுவை அது உடனே வெளியேற்ற முடியாது. 10 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு என்பதால், அங்கிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பை இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். விட்டதும் மல்லாந்து மிதக்கும் மீனைப் பார்த்தபின் அதற்கும் கீழே ஜிக்கை இறக்குவதை நான் விட்டுவிட்டேன். உறைபனிக் காற்றில் மீனைப் படம் எடுக்க நிறுத்திவைப்பதும் கூடாது. ஈரமான செவுள் இழைகளும் கண்ணும் மிக விரைவில் உறைந்து பாழாகும்.

அந்த ஜனவரிக் காலைக்கு ஒன்பது நாள் கழித்து அதே சரிவுக்குப் போனேன். நீர் 7 பாகை, காற்றும் ஏறக்குறைய அன்றுபோலவே இருந்தது. இம்முறை கனமான ஜிக், அதே பழுப்பு நிறம், அதே சின்ன இரை. சரளை பெரிய கற்களாக மாறும் எல்லையில், ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்தில், ஒரு கல்லில் ஜிக்கைச் சாய்த்து வைத்துப் பதினைந்துவரை எண்ணினேன். நகர்த்தப் போனபோது கல் கொஞ்சம் கனத்திருந்தது. அவ்வளவுதான். கல் கனக்காது என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் கை வாரிவிட்டது. கோல் வளைந்து நின்று, பிறகு மெதுவாக, தயக்கத்தோடு இரண்டுமுறை தலையசைத்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும், பெரிய வாய் பாஸ். குளிர்காலத்துக்கே உரிய வெளிறிய பச்சை. முள்ளை எடுக்க வாயைத் திறந்தபோது தொண்டைக்குழியிலிருந்து கிரேஃபிஷின் இரண்டு மீசைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதை இன்னும் விழுங்கி முடிக்காத நிலையில்தான் என் ஜிக்கையும் வாங்கியிருக்கிறது.

மீனை நீருக்குள் தாழ்த்திப் பிடித்து, அது வாலை அடித்துக்கொண்டு இறங்கிப் போகும்வரை பார்த்திருந்தேன். பிறகு ஜிக்கைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இரை முள்ளின் வளைவில் மடிந்து கிடந்தது. கொடுக்கின் மேல் அதே கீறல்கள்.